தனி தொடங்கியதும் எழுந்தவர்கள்

எனக்குக் கோபம் மூக்குமேலேயே இருக்கிறது என்று நஸீரா சொல்வாள். கட்டிய நாளிலிருந்து சொல்கிறாள், சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் மாட்டுங்கா சபா செயலாளர் வெங்கடராமன் சாரிடம் அந்த வெள்ளிக்கிழமை எனக்கு வந்தது நியாயமான கோபம். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன், அவரிடமே சொல்வேன்.

என் பெயர் ஜெயினுலாப்தீன். ஊர் மேலப்பாளையம், இருப்பது பம்பாயில் தாராவி நைன்ட்டி ஃபீட் ரோடு. மைக் செட் தொழில். கோயில் கொடை, தர்கா கந்தூரி, சர்ச் கன்வென்ஷன், கல்யாணம், கட்சிக் கூட்டம், யார் கூப்பிட்டாலும் டெம்போவில் பெட்டியை ஏற்றிவிடுவேன். மாட்டுங்கா சபாவுக்கு மட்டும் முப்பத்தொரு வருஷமாக நான்தான். அங்கே பாடுகிறவர்கள் மாறினார்கள், செயலாளர்கள் மாறினார்கள், திரைச்சீலைகூட மூன்று தடவை மாறிவிட்டது. ஹாலின் கடைசியில், மிக்ஸர் மேசைக்குப் பின்னால் நான் மட்டும் மாறவில்லை.

அந்த இடத்தில் உட்கார்ந்து நான் பாடகர்களின் முகத்தைப் பார்த்ததைவிடக் கேட்கிறவர்களின் முதுகைப் பார்த்ததுதான் அதிகம். முதன்முதலில் நான் போனபோது நானூறு நாற்காலியும் நிரம்பும். நானூறு பேரும் தொடையில் தாளம் போடுவார்கள். நானூறு கை ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதைப் பின்னாலிருந்து பார்க்க வேண்டுமே! யாராவது தப்பாகத் தட்டிவிட்டால் போச்சு, பக்கத்து வரிசை மாமா திரும்பிப் பார்க்கிற பார்வையில் அந்த ஆள் கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். அப்புறம் செல்போன் வந்தது. ஆலாபனை நடுவில் மாமியின் கைப்பையிலிருந்து மணியடிக்கும், மாமிக்கு அதை எப்படி நிறுத்துவது என்று தெரியாது. அப்புறம் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அப்புறம் சபாவே காமிரா வைத்து யூடியூபில் லைவ் விட்டது. செம்பூர்க்காரர்கள் செம்பூரிலேயே சோஃபாவில் சாய்ந்துகொண்டார்கள். நானூறு என்பது எழுபது ஆனது.

தாராவியிலும் இதே கதைதான். முன்னெல்லாம் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் ஜனம் ரோட்டில் சாக்கை விரித்து உட்காரும். துண்டுச் சீட்டில் பாட்டை எழுதி மேடைக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பாட்டு வருகிறவரைக்கும் மூன்று மணி நேரம் ஒரு ஆள் நகராமல் இருப்பான். இப்போது யாரும் உட்காருவதே இல்லை. எல்லோருக்கும் எல்லாப் பாட்டும் தெரிகிறது. பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கிறார், கூட்டம் பாடுகிறது. இதற்கு எதற்கடா பாடகர் என்று நான் கேட்டால், "பாய், இதான் எஞ்சாய்மென்ட்" என்கிறான்கள். சரி, எஞ்சாய் பண்ணுங்கள்.

இப்படி எல்லாமே மாறியது. மாட்டுங்காவில் ஒன்றே ஒன்று மாறவில்லை. தனி தொடங்கியதும் எழுந்து போவது.

கர்நாடகக் கச்சேரி பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய பாட்டு ஒன்று வரும். அது முடிகிற நேரத்தில் பாடகர் நிறுத்திவிட்டு மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைப்பார். அதற்கப்புறம் மிருதங்கக்காரர் மட்டும் வாசிப்பார். அதற்குப் பெயர் தனி. கச்சேரி முழுக்க அடுத்தவருக்காக வாசிக்கிற மனிதருக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் சொந்த நேரம். அந்த நேரம் பார்த்துத்தான் ஜனத்துக்குக் காப்பி ஞாபகம் வரும். சபா நாற்காலிகள் ஸ்பிரிங் வைத்தவை, ஆள் எழுந்தால் டப் என்று மடங்கும். தனி தொடங்கியதும் டப், டப், டப். வாசலுக்கு வெளியே கேன்டீனில் போண்டா தயாராக இருக்கும். ஹால் நிரம்பிய காலத்திலும் நானூறில் முந்நூறு பேர் போனார்கள். அதனால் அந்தக் காலம் பொற்காலம் என்று யாரும் என்னிடம் வந்து கதை அளக்க வேண்டாம்.

எங்கள் சபா மிருதங்கக்காரர் சிவகுருநாதன் அண்ணாச்சி. எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான், ஆழ்வார்குறிச்சி. டிராம்பேயில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலை. காலையில் பஸ் பிடித்துப் போய் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுப்பார், சாயங்காலம் வந்து மிருதங்கம் வாசிப்பார். நான் சபாவுக்கு வந்த வருஷம்தான் அவரும் அங்கே வாசிக்க ஆரம்பித்தார். தனி வாசிக்கும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். அது பக்தி என்று மாமிகள் சொல்வார்கள்.

பக்தியாவது ஒன்றாவது. மாட்டுங்கா ஸ்டேஷனில் லோக்கலுக்கு நிற்கும்போது ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். "எந்திச்சிப் போறவங்க முதுகைப் பாத்தா கை கூசுது, ஜெயினு. அதான் மூடிக்கிடுதேன்" என்றார். வண்டி வந்தது, ஏறிவிட்டோம். அதைப் பற்றி அப்புறம் நாங்கள் பேசியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வெங்கடராமன் சார் எங்கள் இரண்டு பேரையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். மேசையில் லேப்டாப்பைத் திருப்பி வைத்திருந்தார். அதில் ஒரு கோடு மேலே போய்ப் பொத்தென்று கீழே விழுந்திருந்தது.

"இதைப் பாருங்கோ. லைவ்ல எத்தனை பேர் பாக்கறாங்கறதுக்குக் கணக்கு. தனி ஆரம்பிச்ச ஒடனே அப்படியே படுத்துடறது. ஹால்லயும் அதே கதைதான். ஜனங்களுக்குப் பொறுமை போயிடுத்து. ஜனவரிலேர்ந்து ஒன்றரை மணி நேரக் கச்சேரி, தனி கிடையாதுன்னு கமிட்டியில பேசிண்டிருக்கோம்."

அண்ணாச்சி குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தார். எனக்குத்தான் தாங்கவில்லை.

"ஏன் சார், அந்த நேரத்துக்குக் கேன்டீனைப் பூட்டிப் பாருங்களேன்?" என்றேன்.

"ஜெயினு, நான் ஒண்ணும் கொடுமைக்காரன் இல்லே. ஞாயித்துக்கிழமை மெட்ராஸ்லேர்ந்து மாதவ் பாட வர்றார். அன்னிக்கு வந்தவாள்ல பாதிப் பேர் தனிக்கு ஒக்காந்திருக்கட்டும், நான் கமிட்டியில சண்டை போட்டு இதை நிறுத்தறேன். இல்லேன்னா என்னை ஒண்ணும் கேக்கப்படாது. சிவகுரு, அன்னிக்கும் அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிச்சுக்கோங்கோ, புண்ணியமாப் போகும்."

வெளியே வந்து செருப்பைப் போடும்போது அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். "தனி இல்லைன்னா நானும் இல்ல, ஜெயினு. வேற ஆளைப் பாத்துக்கிடட்டும். ஞாயித்துக்கிழமையோட மிருதங்கத்த உறைக்குள்ள போட்டுருவேன்." குரலில் கோபம் இருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கடையைச் சாத்துகிறவர் மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு நெஞ்சு பற்றிக்கொண்டு வந்தது.

ஆள் உட்கார வேண்டும், அவ்வளவுதானே? ஆளுக்கா தாராவியில் பஞ்சம்?

அன்றைக்கே தெருவில் இறங்கினேன். முதலில் பூதத்தான் வீடு. அவன் இட்லி மாவு அரைத்து விற்கிறவன், ஊர்க் கொடைக்கு வசூல் பண்ணுவது, மேளக்காரர்களைக் கூட்டிவருவது எல்லாம் அவன்தான். அப்புறம் ஜெபசெல்வி. பர்ஸ், பெல்ட் தைக்கிற பட்டறையில் வேலை, ஆள் குட்டை, குரல் மட்டும் குர்லா வரைக்கும் கேட்கும். இவர்கள் இரண்டு பேரும் சொன்னால் எங்கள் சந்தே கிளம்பிவிடும். சனிக்கிழமை சாயங்காலம் பூதத்தான் கடை முன்னால் எல்லோரையும் நிற்கவைத்துப் பாடம் நடத்தினேன்.

"ஞாயித்துக்கிழமை அஞ்சரைக்குக் கச்சேரி. டிக்கெட் கிடையாது. உங்களுக்கு ஒண்ணும் புரிய வேண்டாம், தூங்கினாலும் சரி. ஒண்ணே ஒண்ணுதான். பாட்டு நின்னு, அந்த அண்ணாச்சி மட்டும் தனியா மத்தளம் அடிக்க ஆரம்பிப்பாரு. அப்ப ஒருத்தரும் எந்திக்கக் கூடாது. வெளங்குதா? எந்திக்கக் கூடாது!"

"அவசரமா ஒண்ணுக்கு வந்தா, பாய்?" என்று ஜெபசெல்வி கேட்டாள்.

"அடக்கிக்கிடணும்."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிசம்."

"அஞ்சு நிமிசம் உக்காரதுக்கா இவ்வளவு மீட்டிங்கு!" என்று அவள் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். ஆறு தடவை சொல்லியிருப்பேன். பூதத்தான் என் தோளில் கைபோட்டு, "பக்கா பாய், ஒரு குஞ்சு எந்திக்காது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அறுபத்து நாலு பேர் வந்து இறங்கினார்கள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரிப் பட்டும் பவுடருமாக, பிச்சிப்பூவின் வாசனை ஹால் முழுக்க. வெங்கடராமன் சார் வாசலில் நின்று பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அவர்களைப் பார்த்தார். "எல்லாம் ரசிகாளா, ஜெயினு?" என்றார். "பயங்கர ரசிகாள் சார்" என்றேன். அண்ணாச்சியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சுருதி சேர்ப்பதில் மும்முரமாக இருந்தார். வந்தவர்களை அவர் கவனித்தாரா என்றே தெரியவில்லை.

வழக்கமான மெம்பர்கள் முன்வரிசைகளில் எழுபது பேர் இருப்பார்கள். எங்கள் ஆட்கள் அவர்களுக்குப் பின்னால். முதல் பாட்டு முடிந்ததும் பூதத்தான் விசிலடித்தான். முன்வரிசை மொத்தமும் திரும்பியது. பாடகர் மாதவ், சின்ன வயது, சிரித்துவிட்டு விசில் வந்த பக்கம் ஒரு கும்பிடு போட்டார். ஆலாபனை அரை மணி நேரம் போனது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் தூங்கினார்கள். ஜெபசெல்வி போனில் புடவை பார்த்துக்கொண்டிருந்தாள். பரவாயில்லை. உட்கார்ந்திருக்கிறார்கள், அதுதானே வேண்டும்? நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டேன், நூற்று முப்பத்து நாலில் அறுபத்து நாலு. மெம்பர்களில் ஒரு மூன்று பேர், முட்டிவலிக்காரர்களாவது எழுந்திருக்காமல் இருந்தால் பாதி வந்துவிடும், அல்லா இருக்கிறான் என்று இருந்தேன்.

பெரிய பாட்டு வந்தது, முடிந்தது. மாதவ் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்துத் தலையசைத்தார். அண்ணாச்சி மிருதங்கத்தை மடியோடு இழுத்து வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். முதல் அடி விழுந்தது.

டப். டப், டப். முன்வரிசை மாமாக்கள். இது எதிர்பார்த்ததுதான். வெங்கடராமன் சாரும் பழக்கத்தில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவருக்கே கவனம் இல்லை என்று நினைக்கிறேன், கால் தானாகப் போகிறது. நான் எங்கள் வரிசைகளைப் பார்த்தேன். எல்லோரும் இருந்தார்கள். தூங்கியவர்கள்கூட முழித்துக்கொண்டு நிமிர்ந்திருந்தார்கள். ஷாபாஷ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

சொல்லி முடிக்கவில்லை. டப டப டப டப டப!

முதலில் எழுந்தவள் ஜெபசெல்வி. அடுத்து பூதத்தான். அப்புறம் வரிசை வரிசையாக, அறுபத்து நாலு பேரும். ஆறு தடவை சொன்னேனே! நாக்கு வறளச் சொன்னேனே, பாவிகளா! முப்பத்தொரு வருஷத்தில் அந்த ஹாலில் அப்படி ஒரு நாற்காலிச் சத்தம் நான் கேட்டதில்லை. அந்த மனிதர் எழுந்து போவதைப் பார்க்கக் கூசுகிறது என்று கண்ணை மூடியிருக்கிறார், நான் என்னடாவென்றால் அறுபத்து நாலு பேரை டெம்போ பிடித்துக் கூட்டிவந்து அவர் காதில் விழும்படி ஒரே நேரத்தில் எழுந்து போக வைத்திருக்கிறேன். மிக்ஸர்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். இந்தக் கண்ணால் அதைப் பார்க்க வேண்டாம் என்றிருந்தது.

ஆள் வெளியேறினால் ஹாலில் ஓசை மாறும். உடம்புகள் சத்தத்தைக் குடிக்கும், உடம்பு குறைந்தால் சுவர் எதிரொலிக்கும். தனி வந்தால் என் கை தானாகக் குமிழைத் திருகி அந்தக் கணகணப்பைக் குறைக்கும். அன்றைக்கும் கை குமிழுக்குப் போனது. ஆனால் கணகணப்பு வரவில்லை. இதென்ன கூத்து என்று தலையைத் தூக்கினேன்.

அவர்கள் வாசலுக்குப் போகவில்லை. மேடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்துக் கொடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேளம் சூடு பிடித்தால் அங்கே ஒருவரும் உட்கார்ந்த இடத்தில் இருக்கமாட்டார்கள். எழுந்து போய், அடிக்கிறவனைச் சுற்றி நெருக்கி நின்று, அவன் கையைப் பார்ப்பார்கள். கையைப் பார்க்காமல் மேளம் கேட்பது எப்படி? அந்தப் பழக்கத்துக்கு முன்னால் என் ஆறு தடவைப் பாடம் எம்மாத்திரம்! மேடை மூன்றடி உயரம். பூதத்தான் அதன் அடியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தான். பட்டுப்புடவைகள் சரசரவென்று தரையில் உட்கார்ந்தன. ஜெபசெல்வி குட்டையல்லவா, உட்கார்ந்தால் தெரியாது என்று மேடை விளிம்பில் இரண்டு முழங்கையையும் ஊன்றி நின்றுகொண்டாள். அண்ணாச்சியின் விரலுக்கும் அவள் மூக்குக்கும் நடுவில் நாலடிகூட இல்லை.

மாதவ் தாளம் போட்டபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். வயலின்காரரும் அப்படியே. பார்க்காத ஒரே ஆள் அண்ணாச்சிதான்.

அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. அவருக்குக் கேட்டதெல்லாம் நாற்காலிச் சத்தம். மொத்த ஹாலும் போய்விட்டது என்றே நினைத்திருப்பார். அடி வேகமாகிக்கொண்டே வந்தது. வேகம் உற்சாகத்தில் வந்ததில்லை, முடித்துக்கொண்டு கிளம்புகிற அவசரம். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை, மோராவை எடுத்துவிட்டார். மோரா என்றால் முடிவுக்கு முன்னால் வருகிற சொல்கட்டு, கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். இன்னும் அரை நிமிஷத்தில் முடித்துவிடுவார். முடித்துவிட்டால் அது அவருடைய கடைசித் தனி. கண்ணெதிரே அறுபத்து நாலு பேர் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பது தெரியாமலே மிருதங்கத்தை உறைக்குள் போட்டுவிடுவார்.

வே, கண்ணைத் திறயும் வே! கத்த முடியுமா? கையாட்டினால் கண்ணை மூடியவருக்குத் தெரியுமா? ஓடிப்போய் உலுக்கவா முடியும்?

எனக்குத் தெரிந்தது ஒரு தொழில்தான். தனி என்றால் மற்ற மைக்குகளை ஏற்கெனவே மூடியிருப்பேன். மிருதங்க மைக்கையும் அப்படியே இறக்கினேன். ஹாலுக்குப் போகிற சத்தம், மேடையில் அவருக்குக் கேட்கிற சத்தம், லைவுக்குப் போவது, எல்லாம் பூஜ்யம். நடுக் கச்சேரியில் மைக்கை நிறுத்துகிறவனை என் வாப்பா உயிரோடு இருந்தால் செவிட்டில் அறைந்திருப்பார். நான் அந்தத் தப்பைத் தெரிந்தே செய்தேன்.

சத்தம் போனால் எந்த வித்வானும் கண்ணைத் திறந்துவிடுவார். திறந்து மைக் செட்காரனைத்தான் முறைப்பார். அண்ணாச்சியும் திறந்தார். என்னை முறைக்க நிமிர்ந்தவர், என்வரைக்கும் வரவில்லை. நடுவில் ஜெபசெல்வியின் முகம் இருந்தது. அதற்குப் பின்னால் பூதத்தான். அதற்குப் பின்னால் இன்னும் அறுபத்து இரண்டு பேர்.

கை நின்றுவிட்டது. தனி நடுவில் கை நிற்பது மாட்டுங்காவில் மானம் போகிற காரியம். மாதவ் தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சுற்று முழுக்க, எட்டு எண்ணிக்கையும், சத்தமே இல்லாமல் போனது. அண்ணாச்சி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி நிறுத்திட்டிய? இப்பத்தானே வந்து உக்காந்தோம், அடிங்க!" என்று பூதத்தான் சத்தமாகச் சொன்னான்.

நான் மைக்கை ஏற்றக் கை வைத்தேன். அண்ணாச்சி அதற்குள் முன்னால் இருந்த மைக் ஸ்டாண்டைப் பிடித்து ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டார். என் மைக்கை ஒருவர் தள்ளி எனக்குக் கோபம் வராதது அன்றைக்குத்தான்.

அப்புறம் அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இடது கையை மட்டும் வைத்து, அடியில் கும்மென்று ஒரு சத்தம். விட்டார். மறுபடி ஒன்று. பூதத்தான் "ஆங்" என்றான். அந்த "ஆங்"குக்கு வலது கை பதில் சொன்னது. அதற்கப்புறம் நடந்ததை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் முகங்களைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். ஜெபசெல்வியின் புருவம் ஏறினால் அதே சொல்லை இன்னொரு தடவை, இன்னொரு மாதிரி, அவளுக்கென்று திருப்பி வாசித்தார். ஒரு கிழவர் தலையை ஆட்டினால் அந்த ஆட்டத்துக்குள் நாலு அடியை நுழைத்தார். வேகமாகப் போய்ச் சட்டென்று நின்று, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, ஒரே ஒரு விரலால் தொட்டார். அறுபத்து நாலு பேரும் ஒன்றாக மூச்சை விட்டது ஹாலின் கடைசியில் எனக்கும் கேட்டது.

அல்லா சத்தியமாகச் சொல்கிறேன், முப்பத்தொரு வருஷம் நான் கேட்டது ஸ்பீக்கரைத்தான். மிருதங்கத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். விரல் தோலில் படுகிற சத்தம் வேறு, விரல் தோலைவிட்டு எழுகிற சத்தம் வேறு. இரண்டும் தனித்தனியாக என் மேசைக்கு வந்தது. அழுதேன். சும்மா கண் கலங்கியதெல்லாம் இல்லை, மூக்கு ஒழுக அழுதேன்.

வாசலில் மெம்பர்கள் காப்பி டம்ளரோடு நின்றார்கள். அவரவர் நாற்காலி காலியாகத்தான் இருந்தது, ஒருவரும் போய் உட்காரவில்லை. ஒருவர் பின் ஒருவராகச் செருப்புச் சத்தம் வராமல் முன்னால் நகர்ந்தார்கள். நானூறு பேர் காலத்தில் தாளம் தப்பினவனை முறைப்பாரே ஒரு மாமா, எண்பது வயசு இருக்கும், அவர் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு பூதத்தானுக்குப் பக்கத்தில் மெல்ல உட்காரப் பார்த்தார். முடியவில்லை. பூதத்தான் கண்ணை மேடையிலிருந்து எடுக்காமலே கையைக் கொடுத்து உட்காரவைத்தான்.

அப்போதுதான் வெங்கடராமன் சார் என்னைத் தேடிப் புயல்மாதிரி வந்தார். கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. செம்பூரிலிருந்து, முலுண்டிலிருந்து, துபாயிலிருந்து, லைவில் சத்தம் வரவில்லை என்று ஆளாளுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "ஜெயினு, என்ன பண்ணிண்டிருக்..." என்று ஆரம்பித்தவர் மேடையைப் பார்த்தபடியே நின்றார். போன் மறுபடி அடித்தது. பார்க்காமலே அணைத்துப் பைக்குள் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து என் மேசையில் டொக் டொக் என்று கேட்டது. அவர் விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

முப்பத்தைந்து நிமிஷம். முடிவாக வருகிற கோர்வையை மூன்று தடவை வாசித்து இறக்கியபோது மாதவ் பாட்டை எடுக்க வேண்டும். எடுத்தார், வரி வரவில்லை. இரண்டாம் தடவையும் வரவில்லை. மூன்றாம் தடவைதான் வந்தது. யாரும் கைதட்டவில்லை. எங்கள் பெண்கள் குலவை போட்டார்கள். மாட்டுங்கா சபா வரலாற்றில் முதல் குலவை அதுதான் என்று அந்த எண்பது வயசு மாமா எல்லோரிடமும் சொன்னாராம்.

லைவ் வீடியோ இன்றைக்கும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். முப்பத்தைந்து நிமிஷம் ஒரு மனிதர் கையை அசைக்கிறார், ஒரு சத்தமும் இல்லை. கீழே எல்லோரும் என்னைத் திட்டி எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கு வந்திருந்தவர்களைத் தவிர அதைக் கேட்டவர்கள் உலகத்தில் யாரும் கிடையாது.

கச்சேரி முடிந்ததும் நான் மேடைக்குப் பின்னால் போனேன். அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து, மிருதங்கத்தின் இடது பக்கத்தில் கும்மென்ற சத்தத்துக்காக அப்பியிருந்த ரவைப் பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வெங்கடராமன் சார் வந்தார், நாற்காலி இருந்தும் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"தனி இருக்கும், சிவகுரு. கமிட்டியை நான் பாத்துக்கறேன். இனிமே அதைப் பத்திப் பேச்சே இல்லே" என்றார்.

அண்ணாச்சி தலையாட்டினார்.

சார் எழுந்திருக்கவில்லை. மிருதங்கத்தின் தோலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உண்மையைச் சொல்லுங்கோ. எத்தனையோ வருஷமா, நீங்க தனி ஆரம்பிச்சா மொதல்ல எழுந்து போறவன் நான்தான். அன்னிக்கெல்லாமும் நீங்க இப்படித்தான் வாசிச்சேளா? நாங்க இதையா விட்டுட்டுப் போனோம்?"

ஆமாம் என்று சொல்லும் வே! என் மனசு கூவியது. ஆமாம் என்று சொல்லி அந்த மனுஷனைக் கூனிக் குறுக வையும்!

அண்ணாச்சி சுரண்டுவதை நிறுத்தினார்.

"இல்ல சார். இப்பிடி ஒருநாளும் வாசிச்சதில்ல. எனக்கு இது வரும்னு எனக்கே தெரியாது. யாராவது ஒருத்தர் உக்காந்து கேட்டிருந்தா எப்பவோ தெரிஞ்சிருக்கும்."

நான் இருந்தேனே அண்ணாச்சி, முப்பத்தொரு வருஷமும் அங்கேதானே இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அத்தனை வருஷமும் நான் பார்த்துக்கொண்டிருந்தது, யார் யார் எழுந்து போகிறார்கள் என்பதைத்தான்.